பொறியா, எந்திரனா?

அண்மையில் குறிகட்டுவான் துறையிலே நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தவேளை, தீவகத்து ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார். "மாணவர் கட்டுரைகளில் ஒருவன் றோபோ என்கிறான், ஒருத்தி எந்திரன் என்கிறாள், இன்னொருவன் தானியங்கி என்கிறான். எதைத் திருத்துவது ஐயா?" என்றார். படகு வந்துவிட்டது, என் விடை வரவில்லை. அதனை ஈண்டு எழுதுகிறேன்.

றோபோ என்னுஞ் சொல், செக் நாடகாசிரியர் காரெல் சப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தின் வாயிலாக உலகுக்கு வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர்தம் தமையனாராகிய ஓவியர் ஜோசெப். 'றொபோத்தா' என்பது அந்நாட்டுக் குடியானவர் நிலவுடைமையாளருக்குச் செய்த கட்டாய வேலை. 1848 இல் அம்முறை ஒழிந்தது. நாடகத்தில் வரும் றோபோக்கள் இரும்பாலானவர் அல்லர்; செயற்கை உடல் பெற்ற அடிமைகள். எசமானரை எதிர்த்தெழுவதே கதை.

இப்பொருளை விளங்க யாழ்ப்பாணத்தார்க்கு அகராதி வேண்டியதில்லை. ஒல்லாந்தர் இங்கு குடிகளிடம் பெற்ற கட்டாய உழைப்புக்கு 'ஊழியம்' என்றே பெயர். இலங்கையில் இராசகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. சொல்லின் தழும்பையும் காலம் ஆற்றிவிட்டது. இன்று 'அரசாங்க ஊழியர்' என்பது மதிப்புக்குரிய பெயர். ஆயினும் சப்பெக்கைத் தமிழாக்குவோர்க்கு 'ஊழியன்' என்பதிலும் நெருங்கிய சொல் இல்லை என்பேன்.

தானியங்கி என்பது அகலமான சொல். வங்கியிலே பணம் தரும் பெட்டியும் தானியங்கியே. அதனை றோபோ என்பாரில்லை.

இனி, எந்திரன். 2010 இல் வந்த திரைப்படம் இச்சொல்லை ஊரெங்கும் பரப்பிற்று. இதிலேதான் எனக்குத் தயக்கம். எந்திரம் 'வந்தது', எந்திரனோ 'வந்தான்'. ஓர் ஈறு பொருளை அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு ஏற்றிவிடுகின்றது. கடுவன், அலவன் என அஃறிணைக்கும் அவ்வீறு உண்டே என இலக்கணங் கற்றோர் மறுப்பர். உண்மை, ஆனால் அலவன் வந்தான் என எவரும் சொல்வதில்லை. எந்திரனையோ செவி ஆளாகவே கொள்கின்றது.

அதனால் வருங் கேடு யாது? 'பொறி தவறிற்று' என்றால், அதனைச் செய்தவர் யார், இயக்கியவர் யார் என்று கேட்போம். 'எந்திரன் தவறு செய்தான்' என்றால், பழி அவனோடு நின்றுவிடும், உடையவர் தப்பிவிடுவார். கடன் கொடுப்பதையும் நோய் கணிப்பதையும் கருவியிடம் ஒப்படைக்கும் இந்நாளில் இது வெறும் இலக்கண வழக்கன்று.

நம் முன்னோர் இதில் தெளிவாயிருந்தனர். சிலப்பதிகாரத்து மதுரை மதிலிலே தானே வளைந்து எய்யும் வில்லும், குரங்கு வடிவாயிருந்து கடிப்பதும் பொறிகளே. சிந்தாமணியில் விசயையைச் சுமந்து பறந்ததும் மயிற்பொறியே. உருவம் எதுவாயினும் பொறி பொறியாகவே நின்றது. நாமும் அறுவைப்பொறி, நெசவுப்பொறி எனச் செய்யுந் தொழிலோடு சேர்த்து வழங்கலாம்.

றோபோவை விலக்கவேண்டும் என்பதன்று என் கருத்து. துறையெனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த கயிற்ஸ், ஊர்காவற்றுறையின் பக்கத்திலே இன்றும் வழங்குகின்றது. அதனால் ஊர்காவற்றுறை அழிந்துவிடவில்லை. கதை எழுதுவோர் எந்திரனையும் எழுதட்டும். கற்பனைக்குத் திணை வரம்பில்லை.

ஆசிரிய அன்பருக்கு நான் கூறுவது இதுவே: பெயரைத் திருத்த அவசரப்படவேண்டாம். அடுத்து வரும் வினைமுற்றைப் பாருங்கள். 'செய்தான்' என மாணவன் எழுதியிருந்தால், செய்வித்தவர் யார் என்று ஓரத்தில் ஒரு வினா எழுதிவையுங்கள்.