குற்றவாளி ஹீட்டர் அல்ல!

மார்கழி மாதம். விடிய இன்னும் ஒரு நாழிகை இருக்கிறது. பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டிச் சமவெளியில் பனி இறங்கி நிற்கிறது. வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய் வெந்நீர் ஹீட்டரின் பொத்தானை அமுக்குகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. ஐந்தே நிமிஷத்தில் அணைந்தும் விடுகிறது. ‘பரவாயில்லையே, அதற்குள் காய்ந்துவிட்டதே!’ என்று குழாயைத் திறந்தால், வருவது வெந்நீரும் அல்ல, தண்ணீரும் அல்ல. ஹீட்டர் வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நடுங்கிக்கொண்டே குளித்து முடித்தவர் துண்டால் தலையைத் துவட்டும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்: “கம்பெனி சரியில்லை!”

அடுத்த வாரம் புது ஹீட்டர் வருகிறது. வேறு கம்பெனி, விலையும் கூடுதல். இன்னொரு மூன்று வருஷம் கழித்து அதற்கும் இதே கதி, இதே தீர்ப்பு. விசாரணை இல்லாமலே தண்டனை வாங்கும் அப்பாவி அந்த ஹீட்டர். உண்மைக் குற்றவாளி தினமும் குழாய் வழியாகவே வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

தொப்பம்பட்டி வட்டாரத்தில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, செடிக்கு எல்லாம் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். கொங்குச் சீமையை ஒட்டிய இந்தப் பக்கத்தில் அதைச் ‘சப்பைத் தண்ணி’ என்பாரும் உண்டு. நல்ல தண்ணீரைக் குடத்திலும் தொட்டியிலும் பத்திரமாகப் பிடித்து வைக்கிறார்கள். மாடியில் இருக்கும் தொட்டிக்கு ஏறுவது மற்றது. மாடித் தொட்டியிலிருந்து நேரே ஹீட்டர். ஆக, வீட்டிலேயே விலை உயர்ந்த பாத்திரத்துக்குத்தான் வீட்டிலேயே மட்டமான தண்ணீர் போய்ச் சேருகிறது!

இந்தத் தண்ணீரின் குணத்தை அறிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. இதில் போட்டால் துவரம்பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் திரிந்துபோகும். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளரில் வெள்ளை வட்டம் விழும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பாறைப் பூமி இது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் ஊறிக் கிடக்கும் நீர், கால்சியம், மக்னீசியம் என்னும் உப்புகளைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. இதே மாவட்டத்தில், வேடசந்தூர்ப் பக்கம் கரிக்காலியில், சிமென்டு ஆலைக்காகவே சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள் என்றால் மண்ணின் சுபாவம் விளங்கும்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. அது மனித வயிற்றுக்குச் சொன்ன கணக்கு. ஹீட்டருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 600 மில்லிகிராம் உள்ள நீரை 15 லிட்டர் ஹீட்டரில் நாளுக்கு நான்கு தடவை நிரப்பிக் காய வைக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 36 கிராம் சுண்ணாம்புச் சத்து அதன் வழியே போகிறது. வருஷத்துக்கு 13 கிலோ. அத்தனையும் படிந்துவிடாது. பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் ஒரு கிலோவுக்கு மேல்! சின்னத் தொட்டியின் வயிற்றில் அது சாமானியச் சுமையா?

சர்க்கரையைப் போட்டால் சூடான நீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்போ இதற்கு நேர் எதிரான பிறவி. குளிர்ந்த நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். அதாவது, காய வைக்கும் கம்பியின் மேலேயே. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ‘தற்காலிகக் கடினத்தன்மை’ என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிவிடுகிறார்கள். எழுதிய பிள்ளையும் வீட்டில் ஹீட்டர் பழுதானால், “கம்பெனி சரியில்லை” என்றுதான் சொல்கிறது!

அந்தக் காலத்துச் செம்புப் பாய்லரிலும் இதே உப்புதான் படிந்தது. ஆனால் அதன் வாய் திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏறியதை வீட்டுப் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். வெந்நீர்த் தவலைக்கும் அதே மரியாதை. புது ஹீட்டர் வந்தது. பளபளவென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரில் உயரத்தில் ஏறி உட்கார்ந்தது. வாயையும் மூடிக்கொண்டது. தண்ணீர் மாறவில்லை. தேய்க்கும் கை மட்டும் நின்றுபோயிற்று.

உப்புப் படிந்தால் மின்சாரக் கட்டணம் இரண்டு மடங்காகும் என்று சிலர் பயமுறுத்துவது உண்டு. இது மிகைப்படுத்திய பேச்சு. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கம்பியின் சூடு வேறு எங்கே போகும்? தாமதமாகவாவது தண்ணீருக்கே வந்து சேரும். கேஸ் ஹீட்டர், சூரிய ஒளி ஹீட்டர் என்றால் நிலைமை வேறு. அங்கே நீருக்குள் இறங்காத சூடு புகையோடும் காற்றோடும் போய்விடும். மின்சார ஹீட்டரில் நஷ்டம் கம்பியின் ஆயுளில்தான். செம்பு கடத்தும் சூட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தச் சுண்ணாம்புக் காரை கடத்தாது. கம்பளி போர்த்திய மாதிரி உள்ளுக்குள்ளேயே வெந்து, ஒரு நாள் மேல்குழல் வெடித்துவிடுகிறது. பக்கத்தில் செருகியிருக்கும் தெர்மோஸ்டாட்டும் காரைக்குள் சிக்கிக்கொள்ளும். கம்பியைச் சுற்றியுள்ள சூட்டைத் தண்ணீரின் சூடு என்று அது எண்ணி, விளக்கை அணைத்துவிடும். ஐந்து நிமிஷ மர்மம் இதுதான். நல்ல நிலையில் உள்ள 2,000 வாட் ஹீட்டர் 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 18 நிமிஷம் எடுக்கும். வெகு முன்னதாக விளக்கு அணைந்தாலோ, உள்ளே பொரி பொரிவது போலச் சத்தம் கேட்டாலோ, அது உதவி கேட்டுக் கூப்பிடுகிறது என்று பொருள்.

மெக்கானிக் வந்து முதலில் கேட்பதும் அதைத்தான்.

“ஏனுங்கம்மா, இதைக் கழற்றிப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுங்க?”

“கழற்றுறதா? மாட்டினதோட சரி, தம்பி!”

அடித் தட்டைக் கழற்றினால் கம்பிக்குப் பதில் வெள்ளைக் கிழங்கு ஒன்று வருகிறது. வாளியில் ஓட்டு ஓட்டாகச் சுண்ணாம்பு கொட்டுகிறது. அதோடு, ஒரு காலத்தில் விரல் தடிமன் இருந்து இப்போது நூல் கம்பியாக இளைத்துப்போன ஒரு குச்சியும் இருக்கும். அது மக்னீசியத் தண்டு. தொட்டியின் இரும்புக்குப் பதிலாகத் தன்னை அரித்துக்கொள்வதே அதற்கு இட்ட வேலை. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, போர்க் கப்பல்களின் செம்புத் தகட்டைக் கடல் நீர் அரிக்காமல் இருக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் இப்படிப் பலி கொடுக்கச் சொன்னார். அதே தத்துவம்தான் குளியலறையிலும் நடக்கிறது. உப்பு கூடிய நீரில் இந்தத் தண்டு சீக்கிரம் கரையும். அது தீர்ந்த மறுநாளிலிருந்து தொட்டியே அரிபடத் தொடங்கும். ஒரு தண்டின் விலை எங்கே, தொட்டியின் விலை எங்கே? இப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது.

பணம் மட்டும் போனால் பாதகமில்லை. அடியில் உள்ள பாதுகாப்பு வால்வு, தண்ணீர் காயும்போது இரண்டொரு சொட்டு விடும். நீர் சூட்டில் விரிவதால் அது இயல்பு. ‘ஒழுகுகிறது’ என்று அதை அடைத்துவிடும் வீடுகள் இருக்கின்றன. வீட்டார் அடைக்காவிட்டாலும் சுண்ணாம்பு அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு, வால்வும் அடைத்துக்கொண்டால், தொட்டி வெடிக்க வேறு காரணம் வேண்டாம். கம்பியின் மேல்குழல் விரிசல் கண்டால் மின்சாரம் நீரில் கசியும். எர்த்து சரியாக இல்லாத வீட்டில் அந்தத் தண்ணீரின் கீழேதான் குழந்தை நின்று குளிக்கிறது. எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் உப்புத் தண்ணீர் ஊரில் ஆடம்பரச் செலவு ஆகமாட்டா.

இனி வைத்தியம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்றிச் சுத்தம் செய்யும் அவசரக்காரர்கள் உண்டு. சுண்ணாம்பு கரையும், வாஸ்தவம். கூடவே மக்னீசியத் தண்டும் கரையும், தொட்டியும் நோகும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். மின்சாரத்தை நிறுத்தி, நீரை வடித்து, கம்பியைக் கழற்றி, கையால் உதிர்வதை உதிர்த்துவிட்டு, எலுமிச்சை உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்தால் நுரைத்துக்கொண்டு கழலும். இரும்புச் சீப்பால் சுரண்டுவது கூடாது. வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். மின் இணைப்பு தெரிந்தவர் செய்கிற வேலை இது. வீட்டுக்காரர் ஸ்டூல் மேல் ஏறி வீரம் காட்டும் இடமல்ல.

சூட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் படிவு குறையும்; 60-க்கு மேல் போகப் போக வேகமாகக் கூடும். காய வைத்த உடனே செலவழிக்கும் வீட்டுக்கு இது பொருந்தும். பழனி விடுதிகளைப் போல வெந்நீரை நாள் முழுதும் தேக்கி வைக்கும் இடங்கள் அப்படிச் செய்யக்கூடாது. குறைந்த சூட்டில் தேங்கும் நீரில் நிமோனியாக் கிருமி வளரும். அமெரிக்காவில் 1976-இல் பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் கூடியவர்களைத் தாக்கிய பிறகுதான் அந்தக் கிருமி உலகுக்குத் தெரியவந்தது. தண்ணீரையே மென்மையாக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அடிக்கடி சமையல் உப்பு கரைத்து ஊற்ற வேண்டும். அந்த உப்புக் கழிவு தோட்டத்து மண்ணில்தான் இறங்கும். காந்தத்தைக் குழாயில் கட்டினால் போதும் என்பாரை நம்பிப் பணம் கொடுக்குமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

கம்பெனிகளையும் சும்மா விட்டுவிட முடியாது. சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும், சப்பைத் தண்ணீர் வரும் தொப்பம்பட்டி வீட்டுக்கும் அதே ஹீட்டரைத்தான் விற்கிறார்கள். வருஷக்கணக்கில் உத்தரவாதம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். உள்ளே சில அட்டைகளில், கடின நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு ஊருக்கு வெண்ணெய், இன்னொரு ஊருக்குச் சுண்ணாம்பு! எந்தக் கடினத்தன்மை வரை தாங்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சடிக்க வேண்டும். விற்கும் கடைக்காரர், “எத்தனை லிட்டர் வேண்டும்?” என்பதற்கு முன்னால், “உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?” என்று கேட்க வேண்டும். தெரியாதவர் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து அறிந்துகொள்ளலாம்.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. மோட்டார் சைக்கிளை மாதக் கணக்குப் பார்த்துச் சர்வீசுக்கு விடுகிறவர், ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக் கூலி கேட்டால், “ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு?” என்று பேரம் பேசுகிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் அரை நாள் கூலியும் ஒரு வாஷரும். நின்ற பிறகு கூப்பிட்டால் புதுக் கம்பி. இன்னும் தாமதித்தால் புதுத் தொட்டி. தொப்பம்பட்டி போன்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு முறை திறப்பது அவசியம். திறந்த தேதியை ஹீட்டரின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதி வைத்தால் அடுத்த வருஷம் தகராறு இல்லை.

அதற்குத் தோதான மாதம் ஐப்பசி. அப்போது மெக்கானிக் கூப்பிட்ட அன்றே வருவார். மார்கழி பிறந்து கூப்பிட்டால், ஊரில் உள்ள ஹீட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் படுத்துக்கொண்டிருக்கும்; அவர் படியேறப் பொங்கல் ஆகிவிடும்.