கோயிற் கல்லும் கோட்டைச் சுவரும்

வழிபாட்டிடமொன்று இடிக்கப்படுவதை நாம் கேடென்கின்றோம். இடிக்கப்படுமுன் அது பிறிதொரு தொழிலுக்கு ஆட்படுத்தப்படுவதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கண்டது.

1619 ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு பறங்கியர் வசமாயிற்று. நல்லூருக்கு வந்த தளபதி பிலிப்பு டி ஒலிவேறாவின் கண்ணுக்கு, மதில் சூழ்ந்த அக்கோயில் படை தங்குதற்கேற்ற அரணாகவே தோன்றிற்று. பூசை நிகழ்ந்த இடம் பாசறையாயிற்று. 1621 இல் அவனே அதனை இடிப்பித்தான். அதன் கற்கள் கடற்கரைக் கோட்டையைக் கட்டச் சென்றன என்பது வழிவழி வரும் செய்தி. கோயிற் கற்கள் கோட்டைக்குச் சென்றமைக்குச் சான்றும் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டையிற் கிடைத்த இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்ச் சாசனமொன்றைக் கா. இந்திரபாலா 1971 இல் ஆராய்ந்து வெளியிட்டார். கோயிற் கொடையைக் கூறும் கல் எவ்வளவு காலம் போர்வீரர் நடுவே வாய் மூடிக் கிடந்தது!

இன்றைய கோயில் 1734 இல் இரகுநாத மாப்பாண முதலியாரால் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. பழைய தலமிருந்த முத்திரைச்சந்திப் புறத்தே கிறித்தவ தேவாலயம் நிற்கின்றது. அங்கும் மக்கள் இறைவனையே தொழுகின்றனர். அதனை யான் குறையாகக் கொள்ளேன். கோட்டைக்குள்ளே ஒல்லாந்தர் 1706 இல் கட்டிய தேவாலயத்தின் கதியையும் நினைமின். 1990 இல் மூண்ட போரில் அதுவும் அழிந்தது. எச்சமயத்ததாயினும், படைக்கலத்தின் அயலிலே வழிபாட்டிடம் நெடிது வாழ்தல் அரிது.

கல் இடம் பெயர்ந்தது; சொல் பெயரவில்லை. பழைய கோயிலோடு தொடர்புற்ற புவனேகவாகுவின் பெயர் இன்றும் நல்லூர்க் கட்டியத்தில் ஒலிக்கின்றது. அவன் 1450 அளவில் யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப்பெருமாளே என்பார் பலர், மறுப்பாரும் உளர். அவ்வாராய்ச்சிக்கு அடியெடுத்துக் கொடுப்பது அக்கட்டியமே.

ஆதலின் ஆசிரியர்களை யான் வேண்டுவது ஒன்றுண்டு. மாணாக்கரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கால் அகழியின் ஆழத்தை மட்டும் காட்டி மீளாதீர்கள். சுவர்க் கற்களையும் உற்று நோக்கச் செய்யுங்கள். பழஞ் சுவரொன்று எவ்வூரிற் பிரிக்கப்படினும், ஒவ்வொரு கல்லின் புறத்தையும் பார்த்த பின்னரே அதனை அப்புறப்படுத்தல் வேண்டும். எழுத்துக் காணின் தொல்பொருட் பகுதியினர்க்கு உடனே அறிவித்தல் வேண்டும். பகைவன் சுவரில் வைத்துக் கட்டிய கல்லாவது எஞ்சிற்று. நாம் சல்லியாக உடைக்கும் கல் ஒருநாளும் மீளாது.