ராக்கெட்டும் கோடை வெயிலும்

நம் வாலிபர்கள் ராக்கெட் செய்ய முற்பட்டிருப்பது மகிழத்தக்க விஷயம். செங்கற்பட்டு ஜில்லாவில், பட்டிப்புலத்திலிருந்து 2023 பிப்ரவரி 19-ந் தேதியும், திருவிடந்தையிலிருந்து 2024 ஆகஸ்டு 24-ந் தேதியும் 'ஹைப்ரிட்' ராக்கெட்டுகள் வானேறின. அச்செய்தியைப் படித்த விக்கிரமங்கலத்து மாணவன் தானும் ஒன்று செய்து பார்க்க ஆசைப்படுவது இயல்பே. அவ்வாசையை அவித்துவிட வேண்டும் என்போர் கட்சியில் நாம் இல்லை.

இவ்வகை ராக்கெட்டில் எரிபொருள் ரப்பர், மெழுகு போன்ற திடப்பொருள். அதை எரிக்கப் பிராணவாயு தரும் பொருள் தனிக் கலத்தில் இருக்கும். பொழுதுபோக்காகச் செய்வோர் இதற்குப் பெரும்பாலும் நைட்ரஸ் ஆக்ஸைடையே நாடுகின்றனர். ஆஸ்பத்திரிகளில் மயக்கத்திற்குக் கொடுக்கும் அதே 'சிரிப்பு வாயு'தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் வஸ்துவால் என்ன கெடுதி வரும் என்ற எண்ணமே முதல் அபாயம்.

2007 ஜூலை 26-ந் தேதி அமெரிக்காவில் மொஹாவி என்னுமிடத்தில், ஸ்கேல்ட் காம்போசிட்ஸ் கம்பெனியார் இவ்வாயுவைக் குழாய் வழியே செலுத்திப் பரீட்சித்தனர். நெருப்பு மூட்டவேயில்லை. ஆயினும் கலம் வெடித்து மூவர் மாண்டனர்; மூவர் காயமுற்றனர். எரிபொருள் இல்லாமலே, தானே சிதைந்து உஷ்ணத்தைக் கக்கக்கூடிய வஸ்து இது. குழாயில் எண்ணெய்ப் பசை இருந்தாலும், வால்வைத் திடீரெனத் திறந்தாலும் அச்சிதைவு தொடங்கலாம். கைதேர்ந்த நிபுணர்களுக்கே இக்கதி!

நம் நாட்டுக்கென்று இன்னொரு சங்கடம் உண்டு. மேல்நாட்டுப் புஸ்தகங்கள் குளிர்ந்த தேசத்தில் எழுதப்பட்டவை. 20 டிகிரி உஷ்ணத்தில் இவ்வாயு காற்று மண்டலத்தைப்போல் சுமார் 50 மடங்கு அழுத்தத்தில் திரவமாய் அடங்கியிருக்கும். 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பேதமே மறைந்துவிடும். அழுத்தமும் 72 மடங்கைக் கடக்கும். சித்திரை, வைகாசியில் அரியலூர்ப் பக்கத்தில் நிழலே அவ்வளவு சுடுமே! கலத்தின் மேல்துளையில் வெண்புகை கண்டால் நிரம்பிவிட்டது என்று அப்புஸ்தகங்கள் கூறும். நம் வெயிலில் அந்தச் சாட்சியம் செல்லாது. தராசில் நிறுத்தே அறிய வேண்டும். அதைவிடக் கொடியது, விடியற்குளிரில் விளிம்புவரை நிரப்பிய கலத்தை வெயிலில் வைப்பது. திரவம் வெகுவாக விரியும்; விரிய இடமில்லையேல் கலம் பிளக்கும். ஆகவே கலத்தில் வெற்றிடம் விட்டு, காலையிலேயே நிரப்பி, உடனே ஏவிவிட வேண்டும். நிரப்புவதும் தூரத்திலிருந்து இயக்கும் வால்வினால் நடக்க வேண்டுமேயன்றி, அருகில் ஒருவரும் நிற்கலாகாது.

1884-ம் வருஷத்து வெடிமருந்துச் சட்டத்தின் கீழ் 2016-ல் பிறந்த சிலிண்டர் விதிகள், வாயு நிரப்ப லைசென்ஸ் கோருகின்றன. விதி சரியே. ஆனால் லைசென்ஸ் பெற வழியறியாத மாணவன் கொல்லைப்புறத்தில் திருட்டுத்தனமாக நிரப்பினால் சட்டத்தால் என்ன லாபம்? தகுந்த ஆசிரியரின் மேற்பார்வையில், லைசென்ஸுள்ளவர் வாயு நிரப்பித்தர, பரீட்சிப்பதற்கு ஜில்லாதோறும் ஒரு மைதானத்தைச் சர்க்கார் ஒதுக்கட்டும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டித் தீர்ந்த குவாரி நிலங்கள் உண்டு. அவற்றுள் ஊருக்கு ஒதுக்கமான ஒன்றைத் தரலாம். ஒன்று மட்டும்: இவ்வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும், ஆகையால் நிரப்பும் மேடையைக் குழியினுள் வைக்காமல் கரைமேட்டில் அமைக்க வேண்டும்.