உட்காரவே கூடாத பாய்!

பாய் எதற்கு குட்டீஸ்? 'உட்கார, படுக்க...' என்று டக்கென்று சொல்லி விடுவீர்கள். ஆனால், பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சமோவா என்ற தீவு நாட்டில் ஒரு பாய் இருக்கிறது. அதில் யாரும் உட்கார மாட்டார்கள், படுக்கவும் மாட்டார்கள். பெட்டியில் பத்திரமாக வைத்து, பேரன், பேத்தி காலம் வரை காப்பாற்றுவார்கள்!

அதன் பெயர், 'இயே சமோவா!' பாலினேசிய மக்களான சமோவா பெண்கள், தாழை இனச் செடியின் ஓலையில் இதைப் பின்னுகின்றனர். முள்ளை நீக்கி, ஓலையைப் பதப்படுத்தி, வெயிலில் வெளுக்க வைத்து, நூல் போல மெல்லியதாகக் கிழிக்க வேண்டும். பிறகுதான் பின்னல்! ஒரு நல்ல பாய் முடிய பல மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கு! முடிந்ததும் பட்டுத் துணி போலப் பளபளக்கும். ஓரத்தில் சிவப்பு இறகுகள் வைத்து அழகு செய்வார்கள்.

'இயந்திரம் ஒரு நாளில் எத்தனையோ பாய்களைப் பின்னித் தள்ளுமே... ஒரே பாய்க்கு ஒரு வருடம் வீணாக்கலாமா?' என்று சிலர் கேட்பார்கள். அது வீண் இல்லை என்பதே என் கருத்து. ஏன் தெரியுமா?

சமோவாவில் திருமணம், இறுதிச் சடங்கு, தலைவர் பட்டம் சூட்டும் விழா என்று எல்லாவற்றிலும் இந்தப் பாய்தான் உயர்ந்த பரிசு. இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய தவறு நடந்து விட்டால், தவறு செய்தவரின் குடும்பத்தார் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய்த் தலை குனிந்து அமர்வார்கள். மேலே இந்தப் பாயைப் போர்த்திக் கொள்வார்கள். வீட்டுக்காரர் பாயை விலக்கினால், மன்னித்து விட்டார் என்று அர்த்தம். இதற்கு, 'இஃபோகா' என்று பெயர்.

1970களில் நியூசிலாந்து போலீசார், விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களைத் தேடுகிறோம் என்று, பசிபிக் தீவு மக்களின் வீடுகளுக்குள் விடியற்காலையில் புகுந்து சோதனை செய்தனர். அந்த அநியாயத்திற்காக, 2021 ஆகஸ்ட் 1ல், ஆக்லாந்து நகரில் அரசு மன்னிப்புக் கேட்டது. அப்போது பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன், இந்தப் பாய்க்குள் தலை குனிந்து அமர்ந்தார்! பசிபிக் மக்களே அதை விலக்கினர்.

கடையில் மலிவாக வாங்கிய பாயைப் போர்த்தியிருந்தால், இந்த மதிப்பு வருமா? ஒருவர் மாதக்கணக்கில் கொடுத்த உழைப்பு அதில் இருப்பதால்தான், அது மன்னிப்புக்கு ஈடாகிறது.

சமோவாவிலும் ஒரு முறை சறுக்கல் வந்தது. விழாக்களில் எண்ணிக்கையே பெரிது என்றாகி, அவசர அவசரமாக முரட்டுப் பாய்கள் பின்னப்பட்டன. நுணுக்கமான பின்னல் மறைய ஆரம்பித்தது. 1990களில் பெண்கள் விழித்துக் கொண்டனர். மூதாட்டிகளிடம் கற்று, பழைய தரத்தை மீட்டனர். 2019ல், யுனெஸ்கோ அமைப்பு இந்தக் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது.

ஹவாய் தீவில் நடந்ததோ வேறு. மரப்பட்டையை ஊற வைத்து, அடித்து, 'காபா' என்ற துணி செய்தனர். கப்பலில் பருத்தித் துணி வந்ததும், 'இது எதற்கு?' என்று விட்டு விட்டனர். 19ம் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்தக் கலை ஏறக்குறைய நின்றே போனது. 1970களில் மீண்டும் கற்க விரும்பியவர்கள், அருங்காட்சியகத் துணிகளைப் பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாகச் செய்து பழக வேண்டியிருந்தது. சொல்லிக் கொடுக்கப் பாட்டி இல்லையே!

கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பொருள்தான் பிழைக்கும், கலை பிழைக்காது. பயன்படுத்தும் மனிதர்களும், கற்றுக்கொள்ளும் சிறுவர்களும் இருந்தால்தான் அது வாழும்.

கையால் செய்யத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலும் இருப்பார் குட்டீஸ். இந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கும் சொல்லிக் கொடுங்க' என்று கேட்டுப் பாருங்களேன்!