பற்பசை விலை குறைந்தாலும் பல் கூச்சம் போகாதது ஏன்?

சித்திரை பிறந்துவிட்டால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் முதல் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகள் வரை லெமன் சோடாவுக்குத் தனி மவுசு. வெயிலுக்கு ஒன்று, தேர் பார்த்துவிட்டு இன்னொன்று. சில மாதம் கழித்து, "ஐஸ் தண்ணி பட்டாலே பல்லு கூசுது" என்ற புலம்பல் வரும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, டூத் பிரஷ் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கேஸ் அடைத்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளிர்பானத்துக்கு முன்பும் 28 சதவீத வரி, 12 சதவீத செஸ் என்று மொத்தம் 40தான் இருந்தது. பல்லை அரிக்கும் பொருளின் விலை இதனால் ஏறவில்லை.

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், அதாவது பற்சிப்பி, மனித உடலிலேயே கடினமான பொருள். எலும்பை விடவும் கெட்டி. ஆனால் எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் போனால் போனதுதான். அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. கரையத் தொடங்கிய பரப்பை உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஓரளவு திரும்பக் கெட்டியாக்கும், அவ்வளவுதான்.

வாயில் அமில அளவு, அதாவது பிஎச், சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2க்கும் 3க்கும் இடையில். கோலா வகைகளும் கிட்டத்தட்ட அதே கதை. வெறும் சோடாவில் ஆபத்து குறைவு. வில்லன் எலுமிச்சையும் சிட்ரிக் அமிலமும்தான். உப்பு போட்டுக் குடித்தால் நாக்குக்குப் புளிப்பு குறைவாகத் தெரியும், அமிலம் அப்படியே இருக்கும். ஒரே மூச்சில் குடித்தவரை விட, அரை மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பவருக்குச் சேதம் அதிகம். நீர்மோரும் புளிப்புதானே என்று கேட்கலாம். அதில் கால்சியம் இருப்பதால் பல்லை அந்த அளவுக்கு அரிக்காது. தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்தால் தாராளமாக வாங்கிக் குடிக்கலாம்.

பலர் செய்யும் தவறு இதற்கு அடுத்து வருகிறது. எடை குறைய வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பார்கள். உடனே பல் துலக்குவார்கள். அமிலம் பட்டு இளகிய எனாமலை பிரஷ் தேய்த்தே எடுத்துவிடும். முதலில் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத் துலக்க வேண்டும். பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். "கரியும் உப்பும் போட்டுத் தேய்ச்சா பல்லு வெளுக்கும்" என்பது பாதி உண்மை. கறையோடு எனாமலும் சேர்ந்து போகிறது.

பற்பசை வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு, ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையைப் பார்க்க வேண்டும். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் அது இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல் பழுப்பேறியது ஃப்ளோரைடால்தானே என்ற பயம் நியாயமானது. அங்கே சிக்கல் நிலத்தடி நீரில். பல் உருவாகும் வயதில் அளவுக்கு மீறி ஃப்ளோரைடு உடலுக்குள் போனால் எனாமலே பழுதாக உருவாகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடும் அதே காவிரித் தண்ணீர்தான் அங்கே மாற்று. துலக்கித் துப்பும் பற்பசையின் கணக்கு வேறு. சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள் என்பதால் மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும்.

சோடாவே தொடாதவருக்கும் பல் கூசலாம். அடிக்கடி நெஞ்செரிச்சல், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, சர்க்கரை நோயால் வாய் உலர்வது எல்லாம் எனாமலைப் பாதிக்கும். கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை வலியை அடக்கும், காரணத்தைத் தொடாது. இரண்டு வாரத்துக்கு மேல் கூச்சம் நீடித்தால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போகும்போது, தினமும் என்ன குடிக்கிறோம், எப்போது துலக்குகிறோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.