ஆண்டு பாஸ்: லாபம் யாருக்கு?

பள்ளி விடுமுறை வந்தாலே மலாக்கா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பிள்ளைகள் கேட்பது, "லெகோலேண்ட் போகலாமா?" ஜொகூரில் 2012 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, ஒருநாள் டிக்கெட்டோடு ஆண்டு பாஸும் விற்கிறது. பலமுறை போனால் பாஸ் லாபம்தான். ஆனால் மலாக்காவிலிருந்து அங்கு சுமார் 200 கிலோமீட்டர். பெட்ரோல், டோல், சாப்பாட்டுச் செலவை பாஸ் குறைக்காது.

அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்ட், கோவிட் காலத்தில் நிறுத்திய உணவுத் திட்டத்தை 2024 ஜனவரியில் மீண்டும் கொண்டு வந்தது. முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். சாப்பிடாமல் விட்டால் பணம் திரும்பாது. அங்கு மலிவான ஆண்டு பாஸ்கள் கூட்டம் மிகுந்த விடுமுறை நாட்களில் செல்லாது.

இந்த முறை இங்கும் பரவினால் பாதிக்கப்படுவது யார்? தோட்டத் தொழிலாளி குடும்பத்தோடு வெளியே போவதே பள்ளி விடுமுறையிலும் தீபாவளியிலும்தான். விரதம் இருப்பவருக்கும் மாட்டிறைச்சி உண்ணாதவருக்கும் உணவுத் திட்டம் எவ்வளவு உதவும்?

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட். பாஸ் எந்தெந்த நாளில் செல்லும், வருடத்தில் எத்தனை முறை போக முடியும் என்று பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது. ஒருமுறைதான் போக முடியும் என்றால் ஒருநாள் டிக்கெட்டே போதும்.