பிஸ்டனை மாற்றினால் போதுமா?

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் மண்டபத்துக்குள் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, வாசலில் இன்னொரு மன்றம் கூடியிருந்தது. நம் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியைச் சுற்றி நின்றார்கள். "ஹெட்டைக் கொஞ்சம் சீவினா போதும்ணா, வண்டி பறக்கும்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். கேட்டுக்கொண்டே நின்றுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவெல்லாம் அது உறுத்தியது. ஏனென்றால் இதற்கு முன்பும் ஒருமுறை நான் இப்படிப் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்கு என் மகன் கொடுத்த விலை ஒரு காறை எலும்பு.

நான் 1979-இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்தவன். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் என்ஜின் சோதனைப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2017-இல் ஓய்வு பெற்றேன். 1992-இல் பி.எஃப். கடன் போட்டு வாங்கியது எங்கள் ஆர்.எக்ஸ். 100. தொண்ணூற்றெட்டு சி.சி., பதினொரு குதிரைத்திறன். மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய வண்டி. பிறகு கார் வந்தது. வண்டி மாடிப்படிக்கு அடியில் போர்வை போர்த்திக்கொண்டு பல வருடம் தூங்கியது.

ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகன் 2022-இல் அதை எழுப்பினான். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் எழுப்பியதோடு அவன் நிற்கவில்லை. ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு மில்லிமீட்டர் சீவினான். ரேஸ் வண்டிக்குப் போடுவதுபோல் வயிறு பெருத்த சைலன்சர் மாட்டினான். காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்தான். டைமிங்கையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினான். வண்டி நிஜமாகவே பறந்தது, மூன்று வாரம்!

முதல் பிஸ்டன் போனபோது மெக்கானிக், "பெட்ரோல் கராப் ஹை, காகா" என்றார். சிலிண்டரை போர் பண்ணி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டார். இரண்டு மாதத்தில் அதுவும் போயிற்று. இந்த முறை பழி ஆயில் மேல் விழுந்தது. அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் வந்தது. கழற்றிய பிஸ்டனை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வீட்டுச் சந்தில் வண்டி மேடேறும்போது தகர டப்பாவில் கோலிக்குண்டு உருளுவதுபோல் ஒரு ஒலி என் காதில் விழத்தான் செய்தது. சோதனைக் கூடத்தில் அந்த ஒலி கேட்டால் அடுத்த நொடி என்ஜினை நிறுத்துவோம். வீட்டில் சொன்னால் வாக்குவாதம் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

2023 பிப்ரவரியில் மகன் மும்பைக்குப் புறப்பட்டான். விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் பழைய சாலை. ஃகண்டாலா கணவாய் இறங்கி, பன்வெல் நெருங்கும் சமதரையில் முழு வேகத்தில் போகும்போது மூன்றாவது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கியரில் இருந்த வண்டியின் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. எங்கள் குலதெய்வத்துக்கு நான் செலுத்தவேண்டிய கடன் அது.

அவன் கட்டுப்போட்டுப் படுத்திருந்த நாட்களில் நான் மெக்கானிக்கின் தகரக் குவியலைக் கிளறி மூன்று பிஸ்டன்களையும் கொண்டு வந்தேன். செய்தித்தாளை விரித்து வரிசையாக வைத்தேன். மூன்றிலும் புகை வெளியேறும் வாசல் பக்கத்து விளிம்பு, எலி கடித்த பிஸ்கெட்டைப்போல் அரிக்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் ரிங் உட்காரும் மேடும் உடைந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், நடுநடுவே மினுமினுக்கும் வெள்ளிப் பொட்டுகள். அது வெள்ளி அல்ல, பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குமூலம் சொல்லியிருக்கின்றன. கேட்கத்தான் ஆள் இல்லை.

நோய் இதுதான். சாதாரணமாகப் பொறி விழுந்ததும் தீ, காய்ந்த புல்லில் பரவுவதுபோல் நடுவிலிருந்து விளிம்புக்குப் பரவுகிறது. ஆனால் அழுத்தமும் சூடும் அளவு மீறினால், விளிம்பில் காத்திருக்கும் கலவை தீ வந்து சேரும்வரை பொறுக்காமல் மொத்தமாகத் தானே வெடித்துவிடுகிறது. நாம் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். எரியும் வாயுவின் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் பிஸ்டன் எப்படிப் பிழைக்கிறது? அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வாயுப் படலம் திரைபோலக் காப்பாற்றுகிறது. இந்த வெடிப்பின் அதிர்வு அந்தத் திரையைக் கிழித்துவிடுகிறது. பிறகு சூடு நேரே உலோகத்துக்குள் பாய்கிறது. ரேஸ் சைலன்சரின் இரைச்சலில் ஓட்டுபவனுக்கு அந்தக் கோலிக்குண்டு ஒலி கேட்பதும் இல்லை.

எல்லாக் கேட்டுக்கும் இதுவே காரணம் என்று நினைத்துவிடக்கூடாது. பிஸ்டன் தலையின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால், பிளக்கோ கரித்துண்டோ பழுக்கக் காய்ந்து, பொறி வரும் முன்பே கலவையைக் கொளுத்தியிருக்கிறது. விளிம்பு நன்றாக இருந்து, வெளியேற்று வாசல் பக்கத்துச் சுவரில் மட்டும் நீளக் கோடுகள் இருந்தால் ஆயில் குறைவு அல்லது பெட்ரோல் குறைந்த கலவை. சுற்றிலும் நான்கு இடத்தில் உரசியிருந்தால், சூடாகாத என்ஜினை அவசரப்பட்டு முறுக்கியிருக்கிறார்கள் அல்லது பிஸ்டனை இறுக்கமாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் புதுப் பிஸ்டனே மருந்து என்பது, காய்ச்சலுக்குச் சட்டையை மாற்றுவது போன்றது.

எங்கள் வண்டியில் ஒன்றல்ல, பல காரணங்கள் கைகோத்திருந்தன. ஐம்பது மில்லிமீட்டர் சிலிண்டரில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் எரியும் அறையில் ஏறக்குறைய இரண்டு சி.சி. இடம் போய்விடும். அழுத்தம் ஏறும். டைமிங்கை முன்னுக்குத் தள்ளியது அதை இன்னும் ஏற்றியது. வடிகட்டிப் பெட்டி போனதால் காற்று அதிகமாகப் புகுந்தது, கார்புரேட்டர் ஜெட்டை அதற்கேற்ப மாற்றவில்லை. யாரும் தேடாத ஒன்றும் இருந்தது. வருடக்கணக்கில் சும்மா நின்றதில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து, அந்த வழியாகவும் காற்று உள்ளே போயிற்று. திராட்டிலை மூடிய பிறகும் என்ஜின் வேகம் இறங்க மறுத்ததே, அதுதான் அதன் அறிகுறி. எத்தனை பிஸ்டன் போட்டாலும் அந்த ஓட்டை அடையுமா?

இதற்கு மேல் புனேவாசிகளான நமக்கென்றே ஒரு கண்ணி உண்டு. நாம் இருப்பது சுமார் 560 மீட்டர் உயரத்தில். இங்கே சரியாக வைத்த ஜெட், கடல்மட்டத்தில் இருக்கும் பன்வெலில் சரியாக இராது. அங்கே காற்று ஐந்து சதவிகிதம் போல அடர்த்தி கூட, கலவையில் பெட்ரோல் குறைகிறது, அழுத்தமும் ஏறுகிறது. விளிம்பில் நிற்கும் என்ஜினைத் தள்ளிவிட அதுவே போதும். கணவாய் இறங்கும்போது திராட்டிலை மூடி என்ஜின் இழுப்பிலேயே வண்டியை அடக்குவதும் கெடுதல். டூ-ஸ்ட்ரோக்கில் திராட்டில் மூடினால் ஆயிலும் குறையும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும்.

பெட்ரோல் மேல் பழி போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 முதல் பங்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்குவதில் மட்டமானதல்ல. ஆனால் எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். ஆகவே பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் வண்டியில் காற்றின் பங்கு கூடி, சூடும் கூடும். குற்றம் பெட்ரோலில் இல்லை, அதற்கேற்ப வண்டியைச் சரிசெய்யாத நம்மிடம்.

ஆகவே பிள்ளைகளே, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வரிசை தவறாமல் செய்யுங்கள். முதலில் சீல்களை மாற்றுங்கள். உள்வாசல், வெளிவாசல் இரண்டையும் அடைத்து, ஆறு பவுண்டு போலக் காற்றேற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். சோப்புத் தண்ணீர் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஹெட்டைச் சீவினால் பிளக் துவாரத்தில் ஈயக்கம்பியை விட்டு என்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளந்து பாருங்கள். இந்த அளவு என்ஜினுக்கு ஒரு மில்லிமீட்டர் சுமார் இருக்கலாம். ரொம்பக் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும், ரொம்பக் கூடினால் விளிம்புக் கலவை சூடாகவே தங்கும். பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள், ஒருபோதும் சிறியதில் தொடங்காதீர்கள். ஒரு படி குளிர்ந்த பிளக் போடுங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி. ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஓட்டும்போது இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். என்ஜின் பிடித்தால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த இரண்டு விரல்தான். என் மகனுக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் சொல்ல உண்டு. "விற்றுத் தொலை" என்பது சுலபம். விற்றால் அவன் நண்பனின் வண்டியில் இதையே செய்வான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது, விபத்தென்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கக்கூடும். இதையும் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்ளாதீர்கள். நம்மில் பலர் ஸ்பானரும் வெர்னியரும் பிடித்துத்தான் இந்த ஊரில் காலூன்றினோம். அந்தக் கைப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் கோபத்தை மட்டும் கொடுத்தால் என்ன நியாயம்?

எங்கள் வண்டி இப்போது பழைய ஹெட், பழைய சைலன்சர், புதிய சீல்களோடு ஓடுகிறது. மகனும் நானுமாகப் பூட்டியது. பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்திருக்கலாம். "பரவாயில்லப்பா" என்கிறான்.

அந்த மூன்று பிஸ்டன்களும் என் மேசையில்தான் இருக்கின்றன. வாசலில் மன்றம் கூட்டிய பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரலாம். காப்பி உண்டு. வரும்போது உங்கள் பழைய பிளக்கையும் எடுத்து வாருங்கள்.